வண்டிக்குக் கூழ் ஊற்றியவள்

அந்தக் காருக்கு எங்களைவிட வயது அதிகம். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்து இறங்கியதாம். பொன்னேரிக்குப் பக்கத்தில் அரிசி மில் வைத்திருந்த முதலாளிக்கு அது அவருடைய அப்பா வைத்துவிட்டுப் போன சொத்து. எங்கள் வீட்டுக்காரர் அதற்கு டிரைவர். மில்லுக்குப் பின்னால் காருக்கு ஒரு கொட்டகை. கொட்டகையை ஒட்டி எங்களுக்கு ஓர் அறை. நடுவில் வெறும் ஓலைத் தட்டிதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, ஓடிவிட்டு வந்த இன்ஜின் ஆறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் சோறு பொங்கினேன். பெட்ரோல் வாசனைக்குப் பயந்து அடுப்பை வெளியே, வேப்ப மரத்தடியில் வைத்திருந்தேன்.

காருக்கு இரண்டு பசி என்பார் அவர். ஒன்று தண்ணீர், இன்னொன்று பெட்ரோல். இரண்டையும் பார்த்துக்கொண்டது நான்தான்.

காலையில் எழுந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "இன்னாமே, வண்டிக்குத் தண்ணி காட்டிட்டியா?" என்பதுதான். மாட்டு வண்டி ஓட்டிய குடும்பம் அது. என் மாமனார் ஊத்துக்கோட்டைச் சந்தைக்கு நெல் மூட்டை ஏற்றிப் போனவர். மாடு போய் மோட்டார் வந்த பிறகும் பேச்சு மாறவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டுவது போலவே காருக்கும் தண்ணி காட்டுவது. நானும் அப்படியே பேசப் பழகிவிட்டேன். கிணற்றிலிருந்து இறைத்து, துணியில் வடிகட்டி, காரின் முகத்திலிருந்த ரேடியேட்டரில் நிரம்ப ஊற்றுவேன். அந்த ஒரு வார்த்தை பின்னால் என் தலையில் வந்து விடியும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

பெட்ரோல் தொட்டி அந்தக் காரில் பின்னால் இல்லை. இன்ஜினுக்கு மேலே, டிரைவரின் முழங்காலுக்கு எதிரே இருந்தது. அங்கிருந்து ஒரு மெல்லிய செப்புக் குழாய் வழியாகப் பெட்ரோல் தானாகவே கீழே இறங்கும். பிடித்துத் தள்ள மோட்டார் கீட்டார் ஒன்றும் கிடையாது. குழாயில் ஒரு தூசு உட்கார்ந்தால் போதும், வண்டி நின்றுவிடும். கோடையில் குழாய் சூடேறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டாலும் நின்றுவிடும். அதற்குக் குழாய்மேல் ஈரத்துணி சுற்ற வேண்டும். டின்னில் வரும் பெட்ரோலை மல் துணியில் வடிகட்டுவது என் வேலை. ஈரத்துணிக்கு என் பழைய புடவைகளைத்தான் கிழித்துக் கொடுப்பேன். சிவப்பும் பச்சையுமாக என் புடவைத் துண்டுகள் அந்த இன்ஜினுக்குள் எத்தனை போயிருக்கும் என்று சொல்ல முடியாது.

இதெல்லாம் யாருக்கும் தெரியாது. தெரியவேண்டும் என்று நானும் நினைத்ததில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் வந்து நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ஐந்தாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனபோதும் அப்படித்தான். விடை தெரிந்தும் வாய் திறக்காமல் பெஞ்சுமேல் நின்றவள் நான்.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்து, சவுக்குத் தோப்பை வெட்டி, கொட்டகை கொட்டகையாகக் கம்பெனி கட்ட ஆரம்பித்திருந்த காலம். மில் முதலாளி புதுக் கார் ஒன்றுக்குச் சொல்லிவைத்திருந்தார். புதுக் காரோடு அவருடைய மைத்துனன் மகன் டிரைவராக வருவதாகப் பேச்சு. அப்படியென்றால் பழைய கார் போகும், எங்கள் வீட்டுக்காரரும் போவார், எங்கள் அறையும் போகும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கட்டடக் காண்டிராக்டர் வந்தார். மெட்ராஸில் இருப்பவர், தெலுங்கு பேசுகிறவர். தொழிற்பேட்டையில் நாலைந்து கொட்டகை கட்டிக்கொண்டிருந்தார். வேலை நடக்கிற இடங்களைச் சுற்றிவர மலிவாக ஒரு வண்டி வேண்டுமென்று எங்கள் காரைப் பார்த்தார். கனத்த சரீரம், எப்போதும் சிரிப்பு.

முதலாளி, "வண்டியோட டிரைவரையும் இட்டுக்கினு போயிடு. இவனைத் தவிர யாருக்கும் இத்த ஸ்டார்ட் பண்ண வராது" என்றார்.

"ஓடற வண்டின்னா ஆளும் வேணும்" என்றார் காண்டிராக்டர். "நிக்கற வண்டிக்கு ஆளு எதுக்கு நைனா? என் மெக்கானிக் பாய் வந்து ஓட்டிப் பாக்கட்டும். சூடாகாம, மக்கர் பண்ணாம கவரப்பேட்டை வரைக்கும் போயி வந்துச்சுன்னா ரெண்டையும் எடுத்துக்கறேன்."

அவ்வளவுதான். எங்கள் பிழைப்பு ஒரு காரின் சூட்டில் வந்து நின்றது. அதுவும் சித்திரை வெயிலில்.

ரேடியேட்டர் கொஞ்ச நாளாகவே ஒழுகிக்கொண்டிருந்தது. அடியில் ஓர் ஓரத்தில் பொட்டு வைத்தாற்போல் ஈரம். இரவெல்லாம் சொட்டும். கீழே ஒரு தகர டப்பா வைத்திருந்தேன். மெட்ராஸுக்குக் கொண்டுபோய் ஈயம் வைத்து அடைக்கலாம் என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "விக்கப்போற மாட்டுக்கு லாடமா?" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

மெக்கானிக் வருகிற அன்று காலையில் இவர் என்னிடம் வந்தார். நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன்.

"கேவுரு மாவு இருக்குதாமே?"

"இருக்குது. நேத்துதான் அரைச்சாந்தேன். கூழு வேணுமா?"

"கூழு இல்ல. மாவு குடு."

"மாவு எதுக்கு?"

"வண்டிக்கு."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பெரிய ரோட்டு டீக்கடையில் ஓர் ஆந்திரா லாரி டிரைவர் சொன்னானாம், ரேடியேட்டர் ஒழுகினால் மாவு கரைத்து ஊற்று, ஓட்டையில் போய் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும் என்று. சிலபேர் மஞ்சள் தூள் போடுவார்களாம், சிலபேர் முட்டை உடைத்து ஊற்றுவார்களாம்.

"சூடான தண்ணியில மாவு போட்டா வெந்து போவாதா?" என்று கேட்டேன்.

"ஒனக்கு இன்னா தெரியும்? கம்முனு குடு."

முறத்தில் இருந்ததை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனார். கரைக்கக்கூட இல்லை. ரேடியேட்டர் வாயில் அப்படியே கொட்டி, மேலே தண்ணீரை ஊற்றி, மூடியைத் திருகினார். தட்டிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தரையில் சிந்திய மாவைக் காலால் தள்ளி மண்ணோடு மண்ணாக்கினார்.

வெயில் ஏறிய பிறகு அவர்கள் வந்தார்கள். காண்டிராக்டர் வெளியே கட்டிலில் உட்கார்ந்தார். மெக்கானிக் பாய் ஒல்லியான மனிதர், நரைத்த தாடி, வெள்ளைச் சட்டை. முதலாளி மோர் கொடுக்கச் சொன்னார். நான் செம்பை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பாய் முதலில் பெட்ரோலைப் பார்த்தார். குழாயை இன்ஜின் பக்கத்தில் கழற்றி ஒரு காலி பாட்டிலில் விட்டார். பெட்ரோல் நூல் பிடித்தாற்போல் இறங்கியது. நின்று நின்று வரவில்லை. பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்து, அடியில் துருவோ தூசியோ படிகிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெட்ரோலு சுத்தமா வருது மொதலாளி. பழைய தொட்டியில இவ்ளோ சுத்தமா வந்து நான் பாத்ததில்ல. நல்லா வெச்சிருக்கான் டிரைவர்."

இவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். தட்டிக்குப் பின்னால் மல் துணி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

பிறகு தண்ணீர். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். பழுப்பாக இருந்திருக்கும். பழைய ரேடியேட்டரில் துருத் தண்ணீரும் அந்த நிறம்தான். மூடியைத் திருகிவிட்டார். இவர் ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்தார். பாய் ஒரு கையை மேல் ரப்பர் குழாயிலும் இன்னொரு கையைக் கீழ்க் குழாயிலும் வைத்துக்கொண்டு நின்றார், வைத்தியர் நாடி பார்ப்பதுபோல. அந்தக் காரில் தண்ணீரைச் சுற்றவிடவும் ஒரு கருவியும் இல்லை. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறிய தண்ணீர் தானாகக் கீழே இறங்கும். அப்படியேதான் சுற்றவேண்டும்.

"மேல சுடுது, கீழ ஜில்லுனு கெடக்குது. சுத்து மந்தமா இருக்குதே" என்றார். இவரைப் பார்த்தார். "ஓடினா சரியாயிடுமா?"

"ஓடினா சரியாயிடும் பாய்" என்றார் இவர்.

மூன்று பேருமாக ஏறிப் போனார்கள். முதலாளி மில்லுக்குள் போய்விட்டார். கார் போன பிறகு புழுதி அடங்கும்வரை நான் வேப்ப மரத்தடியிலேயே நின்றேன். அடுப்பில் மாவு கொதித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? நாள் தவறாமல் கிளறுகிறவள்தானே.

அவர்கள் திரும்பி வரும்போது காருக்கு முன்னால் ஆவி வந்தது. மில்லில் நெல் அவிக்கிற அண்டாவைப்போலப் புகைந்துகொண்டே உள்ளே நுழைந்து, கொட்டகைக்கு எதிரே நின்றுபோனது. காண்டிராக்டர் இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். சத்தம் கேட்டு முதலாளி வந்தார். மில்லில் நெல் துழாவிக்கொண்டிருந்த பெண்களும் வந்துவிட்டார்கள்.

"தண்ணி கொண்டாமே!" என்று இவர் கத்தினார்.

நான் வாளியோடு போனேன். பாய் ஈரச் சாக்கை மூடியின்மேல் போட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு திருகினார். குபுக்கென்று பழுப்பு நுரை பொங்கிக்கொண்டு வந்தது. அவருடைய வெள்ளைச் சட்டை, தாடி, காரின் விளக்கு எல்லாம் நனைந்தது. தண்ணீர் இல்லை. கெட்டியாக, கொழகொழவென்று வழிந்தது. அந்த வாசனை எல்லோருடைய மூக்கிலும் ஒரே நேரத்தில் ஏறியது.

பாய் விரலில் எடுத்து முகர்ந்தார். "இன்னாபா இது? தண்ணி ஊத்துனியா, கூழு ஊத்துனியா?"

பாய் முதலாளியைப் பார்த்தார்.

"ஓட்டைய அடைக்க மாவு கலக்கற வேலையெல்லாம் எனக்கும் தெரியும் மொதலாளி. ஒழுகற வண்டிய விக்கறீங்களா?"

முதலாளியின் முகம் கறுத்தது. காண்டிராக்டரின் சிரிப்பு நின்றது. முதலாளி மெதுவாக எங்கள் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் வேலை போயிற்று, அறை போயிற்று, எல்லாம் போயிற்று.

அப்போதுதான் இவர் சிரித்தார். நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். வாளியோடு நின்ற என்னைக் கையை நீட்டிக் காட்டினார். "அய்யோ சார், இது என் ஊட்டுக்காரி பண்ண வேலை! வண்டிக்குத் தண்ணி காட்டுடின்னு சொல்லிட்டுக் குளிக்கப் போனேன் சார். மாட்டுக்குக் காட்டறாப்போல மாவு கரைச்சு காட்டிட்டுக்கீது! பட்டிக்காடு சார், இன்னாத்த சொல்றது!"

ஒரு நொடி. பிறகு காண்டிராக்டருக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. அவர் சிரித்ததும் முதலாளி சிரித்தார். முதலாளி சிரித்ததும் நெல் துழாவுகிற பெண்கள் சிரித்தார்கள்.

"ஏம்மா" என்று காண்டிராக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "பசிக்குதுன்னு ஒன்கிட்ட சொல்லுச்சா வண்டி? தொட்டுக்க வெங்காயம் வெச்சியா?"

"பச்ச மொளகா கேட்டிருக்கும் சார், அதான் இப்படிக் காயுது" என்றாள் அந்தப் பெண்களில் ஒருத்தி. மறுபடியும் சிரிப்பு.

கையில் வாளி வேறு இருந்தது. சாட்சிக்கு அதுவே போதும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த தலைக்கு ஒரே அர்த்தம்தான் எல்லோருக்கும்.

ஒருவராவது கேட்டிருக்கலாம். எந்த வீட்டில் மாட்டுக்குக் கேழ்வரகு மாவு கரைத்து வைக்கிறார்கள்? மாட்டுக்குத் தவிடு, கழுநீர், புண்ணாக்கு. மாவு மனிதர்கள் குடிக்க. எங்கள் வீட்டில் மாவு தீர்ந்தால் அடுத்த கூலி வரும்வரை மாவு கிடையாது. அதை அள்ளி மாட்டுத் தொட்டியில் போடுகிற பெண் எந்த ஊரிலும் இல்லை. நெல் துழாவுகிற பெண்களுக்கு இது தெரியும். முதலாளிக்கும் தெரியும். ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்த பிறகு யார் யோசிப்பார்கள்?

பாய் மட்டும் சிரிக்கவில்லை. ரேடியேட்டர் வாயிலிருந்து கோலி குண்டளவு ஒரு கட்டியை எடுத்து, விரலால் பிட்டுப் பார்த்தார். உள்ளே வேகாத மாவு ஈரம் படாமல் உதிர்ந்தது. அடுப்படியில் புழங்கிய கை அப்படிக் கட்டி தட்டவிடாது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். கட்டியைக் கீழே போட்டுவிட்டு, சாக்கில் கையைத் துடைத்துக்கொண்டார். "சுடு தண்ணியும் சலவைச் சோடாவும் கொண்டாங்க. கழுவிட்டு மறுபடி பாக்கலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தெரிந்தவரும் வாயை மூடிக்கொண்டார்.

அந்தப் பகல் முழுக்க நான் வெந்நீர் வைத்தேன். அண்டா அண்டாவாக. கழுவிய தண்ணீர் பழுப்பாக வாசல் வழியே ஓடியது, மில் கோழிகள் வந்து கொத்தின. சாயங்காலம் வெயில் தணிவதற்குள் மறுபடியும் கவரப்பேட்டை வரை போனார்கள். பாய் கேட்டதற்கு என் முந்தானை அகலத்துக்கு ஒரு துணி கிழித்துக் கொடுத்தேன், பெட்ரோல் குழாயில் நனைத்துச் சுற்ற. இந்தத் தடவை ஆவி இல்லை, மக்கர் இல்லை. இன்னொரு வேடிக்கை. எத்தனை கழுவியும் அந்த ஓட்டைக்குள் போய் உட்கார்ந்த கூழ் மட்டும் வரவில்லை. ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. அவர் நினைத்தது நடந்துவிட்டது.

காண்டிராக்டர் போகும்போது, "டிரைவர், வர்ற வாரம் வந்துடு. கூழு மட்டும் எடுத்தாராதே!" என்றார்.

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் இவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"கோச்சுக்கினியாமே?"

நான் தட்டில் சோற்றை வைத்தேன்.

"நான்னு சொல்லியிருந்தா இந்நேரம் தெருவுல நின்னுக்கினு இருப்போம். பொம்பளை தெரியாம பண்ணிட்டான்னா யாரு கேக்கப் போறாங்க? ஒரு நாள் கூத்து. சிரிச்சிட்டுப் போவட்டும். அங்க போயி வேலை நெலைக்கட்டும், நானே சாரு கிட்ட சொல்லிடறேன்."

"நெசமா சொல்லுவீங்களா?"

"அம்மன் மேல சத்தியம்."

அந்த நேரத்தில் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கூரை இருக்கிறது, வேலை இருக்கிறது. என் பேர் கொஞ்ச நாளைக்கு அடமானத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். மீட்டுத் தருவதாகத்தானே சொன்னார்.

கும்மிடிப்பூண்டியில் எங்களுக்குக் கிடைத்தது கல்நார் கூரை போட்ட ஓர் அறை. வரிசையாக அப்படிப் பத்துப் பன்னிரண்டு. கொத்தனார், கம்பி கட்டுபவர், வெல்டர் என்று குடும்பங்கள். நான் பெட்டியைத் தலையிலிருந்து இறக்கவில்லை, எதிர் வீட்டுப் பெண் வாசலிலிருந்தே கேட்டாள்: "வண்டிக்குக் கூழு ஊத்துனது நீதானாக்கா?" எனக்கு முன்னால் கதை வந்து குடியேறியிருந்தது. காண்டிராக்டர் போகிற இடமெல்லாம் சொல்லியிருந்தார்.

அவள் கெட்டவள் இல்லை. பின்னால் எனக்கு உப்பு, புளி எல்லாம் கொடுத்தாள். ஆனால் அன்றையிலிருந்து என் பேர் அதுதான். குழாயடியில் நான் குடத்தோடு நின்றால், "எந்த வண்டிக்கு?" என்பார்கள். மாவு மிஷினில் என் முறை வந்தால், "லாரிக்கா, பஸ்ஸுக்கா?" என்பார் மிஷின்காரர். பதில் சொல்லத் தெரிந்தவள் என்றால் ரெண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள், கதை அதோடு முடிந்திருக்கும். எனக்குக் காது சிவக்கும், அவ்வளவுதான். காது சிவக்கச் சிவக்க அவர்களுக்கு ருசி.

முதல் ஆடி மாதம் வந்தது. அங்கே புதிதாக ஓர் அம்மன் கோயில் எழுப்பியிருந்தார்கள். கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்கு வீடு மாவு கொடுத்து, பெரிய அண்டாவில் காய்ச்சி, முருங்கைக்கீரையும் வெங்காயமும் வைத்து எல்லோருக்கும் ஊற்றுவது வழக்கம். நானும் மாவைப் புளிக்க வைத்து, கட்டியில்லாமல் கரைத்து, மஞ்சள் பூசிய குடத்தில் எடுத்துப்போனேன். அண்டா அருகே நின்ற கொத்தனார் என்னைப் பார்த்ததும் கையை நீட்டி மறித்தார்.

"இரு இரு, தங்கச்சி. இது அம்மனுக்கு. வண்டி அந்தாண்ட நிக்குது பாரு!"

காண்டிராக்டரின் கார் வேப்பிலைத் தோரணத்தோடு அந்தாண்டைதான் நின்றது. அதற்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்காரர். கோயில் வாசலே சிரித்தது. அவரும் சிரித்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வார் என்று நினைத்தேன். அம்மன் மேல் சத்தியம் பண்ணியவர், அம்மன் எதிரிலேயே நிற்கிறார். அவர் என் பார்வையைக் கண்டு, கார் கண்ணாடியைத் துண்டால் துடைக்கத் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"எப்ப சொல்லுவீங்க?"

"அத்தினி பேரு எதிர்ல எப்டிமே சொல்றது? சாரு கிட்ட தனியா நேரம் பாத்து சொல்றேன்."

மழைக்காலம் முடிந்ததும் ரேடியேட்டர் மறுபடி ஒழுக ஆரம்பித்தது. ஒட்டிய கூழ் எத்தனை நாள் தாங்கும்? ஒருநாள் மெட்ராஸ் போகிற வழியில் கொதித்து நின்று, காண்டிராக்டர் பஸ் ஏறிப் போகவேண்டி வந்துவிட்டது. அதைக் கழற்றி ஈயம் வைத்தவரும் பாய்தான். "எல்லாம் ஒன் பொண்டாட்டி ஊத்துன கூழு, உள்ள புளிச்சுப்போயி அரிச்சிட்டுது" என்றாராம் காண்டிராக்டர். இவர் ஆமாம் என்று தலையாட்டினாராம். அதை அவரே சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார், ஏதோ தப்பித்து வந்தவர்போல. அதன் பிறகு அந்தக் காருக்கு என்ன வந்தாலும் காரணம் நான்தான். பெட்ரோல் அடைத்தாலும் கூழ், டயர் வெடித்தாலும் கூழ். அங்கே பெட்ரோலை யாரும் வடிகட்டவும் இல்லை. பீப்பாயிலிருந்து அப்படியே ஊற்றினார்கள்.

"சொல்லிட்டீங்களா?" என்று நான் கேட்பதும், "நேரம் பாத்து" என்று அவர் சொல்வதும் வாரத்துக்கு ஒருமுறை என்றிருந்து, மாதத்துக்கு ஒருமுறை ஆகி, பிறகு நான் கேட்பதே குறைந்துபோனது.

கொட்டகைகள் கட்டி முடிந்து கம்பெனிகள் ஓட ஆரம்பித்தன. அதில் ஒன்றில் நட்டும் போல்ட்டும் தரம் பிரித்து அடுக்க, பெண்களை எடுத்தார்கள். எங்கள் வரிசையிலிருந்து எதிர் வீட்டுக்காரி உள்பட நாலைந்து பேர் போனார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை, யாரோடும் பேசவேண்டியதில்லை. கண்ணும் கையும் போதும். எனக்கென்றே வைத்த வேலை என்று தோன்றியது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒன்றுக்கு ஆசைப்பட்டேன். எண்ணெய் தேய்த்துத் தலைவாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு கேட்டில் போய் நின்றேன்.

சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, "நீ அந்தக் காண்டிராக்டர் டிரைவர் ஊட்டம்மாதானே?" என்றார். என் பின்னால் நின்ற பெண்கள் முன்பே சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். "வேணாம்மா. மெஷினு ஒண்ணொண்ணும் லட்ச ரூபா. எண்ணெ விடுன்னா கூழு ஊத்திடுவே நீ."

வீடு வரைக்கும் எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. அன்றைக்கு அவர் வந்ததும் நான் சொன்னேன். என் கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு நீளமாக நான் பேசியது அன்றைக்குத்தான்.

"நீங்க யாருக்கும் சொல்ல வேணாம். சாருக்கு வேணாம், கொத்தனாருக்கு வேணாம். அந்த சூப்பர்வைசரு ஒருத்தரு கிட்ட மட்டும் சொல்லுங்க. மாவு கொட்டுனது நான்தான், என் பொண்டாட்டி இல்லன்னு. வேற எதுவும் நான் இதுவரிக்கும் கேட்டதில்ல."

அவர் ஒரு பீடியைப் பற்றவைத்தார். பிறகு, "சரி. நாளைக்கு வா, போலாம்" என்றார்.

மறுநாள் கூடவே போனேன். கேட்டுக்கு வெளியே, காவல்காரர் கூண்டுப் பக்கத்தில் என்னை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். சூப்பர்வைசரின் அறை பக்கத்தில்தான். சன்னல் திறந்திருந்தது. வார்த்தை கேட்கவில்லை. ஆனால் குரல் கேட்டது. முதலில் இவர் மெதுவாகப் பேசினார். இந்தா, இப்போது, இந்த நிமிஷம் என் பேர் எனக்குத் திரும்பி வருகிறது என்று நின்றேன். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகூடக் கொண்டேன்.

உள்ளே சிரிப்பு வெடித்தது. இரண்டு பேருடைய சிரிப்பு.

அவர் வெளியே வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. உள்ளே டீ குடித்திருந்தார்.

"நாளைலேந்து வரச் சொல்லிட்டாருமே!"

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"இன்னான்னு சொன்னீங்க?"

அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டே, ஒரு நல்ல காரியம் செய்தவர்போலச் சொன்னார்: "அது ஏதோ அப்ப, புதுசா கட்டிக்கினு வந்தப்ப, வெவரம் தெரியாம பண்ணிட்டுது சார். இப்ப நல்லா தேறிட்டுது, பயப்படாதீங்கன்னு சொன்னேன்."

நான் சைக்கிளில் ஏறவில்லை. நடந்தே வந்தேன். மறுநாள் வேலைக்கும் போகவில்லை. எதிர் வீட்டுக்காரி வந்து கூப்பிட்டாள். உடம்பு சரியில்லை என்றேன். அடுத்த நாளும் கூப்பிட்டாள். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. "வாங்கிக் குடுத்த வேலைக்குப் போவல பாரு, இதுதான் பொம்பளை புத்தி" என்று இவர் கொத்தனாரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

அன்றைக்கு அடுப்படியில் ஒரு மண்பானையில் கேழ்வரகு மாவு புளித்துக்கொண்டிருந்தது. அவருக்குக் கூழ் என்றால் உயிர். வெயிலில் ஓட்டிவிட்டு வந்து, ஒரு சொம்பு கூழில் மோர் விட்டு, சின்ன வெங்காயம் கடித்துக் குடித்தால்தான் அவருக்கு அது சாப்பாடு. அந்தப் பானையை எடுத்துக்கொண்டுபோய் எங்கள் வரிசைக்குப் பின்னால், கருவேல மரத்தடியில் கவிழ்த்தேன். பானையைக் கழுவி வெயிலில் வைத்தேன்.

சாயங்காலம் வந்து உட்கார்ந்தவருக்குச் சோறு போட்டேன். பானை இருந்த இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கூழ் காய்ச்சவே இல்லை. அந்தக் கார் உடைசலுக்குப் போன பிறகும் காய்ச்சவில்லை. பிள்ளைகள் பிறந்து, இட்லி தோசை என்று வளர்ந்தார்கள். ஆடி மாதத்தில் அண்டை வீட்டிலிருந்து சொம்பில் கூழ் வந்தால் வாங்கி, மாடு வைத்திருக்கிற வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். கதையை மட்டும் அவர் விடவில்லை. எங்கே நாலு பேர் கூடினாலும் சொல்வார், என் முகத்தைப் பார்க்காமல். சொல்லச் சொல்ல அதில் புதிது புதிதாகச் சேர்ந்துகொண்டே போனது. கடைசிக் காலத்தில், கார் ஏப்பம் விட்டதாகக்கூடச் சொன்னார்.

கூழ் ஏன் காய்ச்சுவதில்லை என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. போகிற வரைக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாய் திறந்து சொல்லியிருப்பேன். அது அவருக்குத் தெரியும்.